குறைக்காமலே குறையும் முதியோர் ஓய்வூதியம்: 200 ரூபாயில் நிற்கும் மத்திய அரசின் பங்கு

புது தில்லி: ஓய்வூதியத்தைக் குறைக்க அரசாணை எதுவும் தேவையில்லை. தொகையை மாற்றாமல் விட்டுவிட்டாலே போதும். எஞ்சிய வேலையை விலைவாசி செய்துவிடும். வறுமைக் கோட்டுக்குக் கீழ் வாழும் முதியோருக்கு மத்திய அரசு வழங்கும் உதவித்தொகைக்கு நேர்ந்திருப்பது இதுவே.

தேசிய சமூக உதவித் திட்டம் 1995 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கப்பட்டபோது, ஆதரவற்ற முதியோருக்கு மத்திய அரசின் பங்காக மாதம் 75 ரூபாய் நிர்ணயிக்கப்பட்டது. 2006-ஆம் ஆண்டில் அது 200 ரூபாயாக உயர்த்தப்பட்டது. 2007 நவம்பரில் இந்திரா காந்தி தேசிய முதியோர் ஓய்வூதியத் திட்டம் எனப் பெயர் மாற்றப்பட்டு, வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ள குடும்பங்களின் முதியோர் அனைவருக்கும் விரிவுபடுத்தப்பட்டது. 2011-இல் தகுதி வயது 65-லிருந்து 60 ஆகக் குறைக்கப்பட்டு, 80 வயதை எட்டியவர்களுக்கு 500 ரூபாய் என அறிவிக்கப்பட்டது. 60 முதல் 79 வயது வரையிலானோருக்கான 200 ரூபாய் மட்டும் மாறவில்லை.

நாளொன்றுக்கு ஏழு ரூபாய்கூட வராத இத்தொகையின் மதிப்பு ஆண்டுதோறும் தேய்ந்து வருகிறது. 2006-க்குப் பின் சில்லறை விலைகள் மூன்று மடங்குக்கு மேல் உயர்ந்துள்ளன. 1995-இல் 75 ரூபாய்க்குக் கிடைத்த பொருள்களை வாங்க இன்று 400 ரூபாய்க்கு மேல் தேவைப்படும். அதாவது, இன்றைய 200 ரூபாய், திட்டம் தொடங்கிய நாளில் தரப்பட்ட 75 ரூபாயின் பாதி மதிப்பைக்கூட எட்டவில்லை.

உறைந்து நிற்கும் எண்ணிக்கை

தொகையைப் போலவே பயனாளிகளின் எண்ணிக்கையும் நிலைத்து நிற்கிறது. இத்திட்டத்தின் கீழ் மத்திய அரசு நிதி வழங்கும் முதியோர் சுமார் 2.21 கோடி பேர். இந்த உச்சவரம்பு 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை அடிப்படையாகக் கொண்டது. 2011 கணக்கெடுப்பிலேயே 60 வயதைக் கடந்தோர் 10 கோடிக்கு மேல் இருந்தனர். ஒட்டுமொத்த சமூக உதவித் திட்டத்துக்கான ஒதுக்கீடும் அண்மை ஆண்டுகளின் நிதிநிலை அறிக்கைகளில் 9,652 கோடி ரூபாய் என்ற அதே அளவிலேயே நீடித்து வந்துள்ளது. உதவித்தொகையை உயர்த்துமாறு ஊரக வளர்ச்சிக்கான நாடாளுமன்ற நிலைக்குழு பலமுறை பரிந்துரைத்தும் மாற்றம் நிகழவில்லை.

இந்த இடைவெளியை நிரப்பும் பொறுப்பு மாநிலங்களின் மீது விழுந்திருக்கிறது. ஆந்திரப் பிரதேசம் 2024 ஜூலை முதல் மாதம் 4,000 ரூபாய் வழங்குகிறது. பிகார் 400 ரூபாயை 2025 ஜூலை முதல் 1,100 ரூபாயாக உயர்த்தியது. ஒரே வயது, ஒரே வறுமை. ஆனால் எந்த மாநிலத்தில் வசிக்கிறார் என்பதைப் பொறுத்தே ஒரு முதியவரின் உதவித்தொகை அமைகிறது.

தொழிலாளர் ஓய்வூதியத்திலும் இதே நிலை

தொழிலாளர் வருங்கால வைப்பு நிதி அமைப்பின் 1995-ஆம் ஆண்டு ஓய்வூதியத் திட்டத்திலும் இதே போக்கைக் காணலாம். 2014 செப்டம்பரில் குறைந்தபட்ச ஓய்வூதியம் 1,000 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டது. விலை உயர்வைக் கழித்துப் பார்த்தால் அதன் இன்றைய மதிப்பு சுமார் 600 ரூபாய் மட்டுமே. 7,500 ரூபாயும் அகவிலைப்படியும் கோரி ஓய்வூதியர்கள் தொடர்ந்து போராடி வருகின்றனர். நிதியத்தின் எதிர்காலக் கடப்பாடுகளுக்கு ஈடாகக் கையிருப்பு இல்லை என்பது மத்திய அரசு நாடாளுமன்றத்தில் அளித்துவரும் விளக்கம். அந்த விளக்கத்தை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. இன்றைய ஓய்வூதியருக்குக் கூடுதலாக வழங்குவதற்கான நிதி எங்கிருந்து வரும் என்ற கேள்விக்கு விடை தேவை.

சட்டமும் குறியீட்டெண்ணும்

அரசு ஊழியர்களின் நிலை வேறு. ஓய்வூதியம் கருணைத் தொகையன்று, பணிக்கான உரிமை என்று டி.எஸ்.நகாரா வழக்கில் 1982 டிசம்பர் 17 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆண்டுக்கு இருமுறை திருத்தப்படும் அகவிலை நிவாரணம் அவர்களது ஓய்வூதியத்தை விலைவாசியிலிருந்து காக்கிறது. இந்தக் காப்பும் முழுமையானதன்று. கரோனா காலத்தில் 2020 ஜனவரி முதல் மூன்று தவணைகள் நிறுத்திவைக்கப்பட்டன; அவற்றின் நிலுவை பின்னர் வழங்கப்படவில்லை. ஊழியர்களின் அகவிலைப்படியையும் சேர்த்து இதனால் மிச்சமான தொகை 34,402 கோடி ரூபாய் என அரசே தெரிவித்தது. ஆயினும், அங்கே நிறுத்திவைப்பதற்கு ஓர் ஆணை தேவைப்பட்டது. அந்த ஆணை விவாதத்துக்கு உள்ளானது. வறிய முதியோரின் 200 ரூபாய் கரைவதற்கு ஆணையும் இல்லை, விவாதமும் இல்லை.

முதுமையில் அரசின் உதவி பெறும் உரிமைக்கு வகைசெய்ய வேண்டும் என அரசமைப்புச் சட்டத்தின் 41-ஆவது பிரிவு கூறுகிறது. ஆனால் அது வழிகாட்டு நெறி மட்டுமே. அதைக் கொண்டு நீதிமன்றத்தில் நேரடியாக உரிமை கோர இயலாது.

வழி இல்லாமலில்லை. முதியோர் உதவித்தொகையைக் கையாளும் அதே ஊரக வளர்ச்சி அமைச்சகம், 100 நாள் வேலைத் திட்டத்தின் ஊதியத்தை வேளாண் தொழிலாளர் விலைக் குறியீட்டெண்ணின் அடிப்படையில் ஆண்டுதோறும் திருத்தி வந்திருக்கிறது. அந்த முறையை இங்கும் பின்பற்றலாம். 2.21 கோடி பேருக்கும் மாதம் 100 ரூபாய் கூட்டினால் ஆண்டுக்குச் சுமார் 2,650 கோடி ரூபாய் செலவாகும். சிறிய தொகையன்று, எனினும் அகவிலைப்படி நிறுத்தத்தால் மிச்சமானதில் ஏறத்தாழ பதின்மூன்றில் ஒரு பங்கு மட்டுமே.

அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2027 மார்ச் 1-ஐ அடிப்படை நாளாகக் கொண்டு நடைபெறவுள்ளது. பயனாளிகளின் உச்சவரம்பைப் புதுப்பிக்க அது இயல்பான தருணம். எண்ணிக்கையை மட்டும் உயர்த்திவிட்டு, தொகையை விலைவாசியுடன் இணைக்காமல் விட்டால், மேலும் பல முதியோர் தேய்ந்துகொண்டே போகும் அதே 200 ரூபாய்க்காக வரிசையில் நிற்பார்கள்.