பாதி மழித்த கன்னம்

1930 ஏப்ரல் 13 அன்று திருச்சியிலிருந்து உப்புச் சட்டத்தை மீறி வேதாரண்யத்தில் உப்பெடுக்கக் கிளம்பிய சுமார் நூறு தொண்டர்களை நிறுத்த, தஞ்சாவூர் கலெக்டர் ஜே.ஏ. தார்ன் கெட்டிக்காரத்தனமான ஒரு வழி கண்டுபிடித்தார். ராஜாஜியின் தலைமையில் நடந்தவர்களை அவர் உடனே தொடவில்லை. அவர்களுக்குச் சோறு போடுகிறவருக்கும், படுக்கத் திண்ணை கொடுக்கிறவருக்கும் ஆறு மாதம் வரை சிறை என்று அறிவித்தார். நடை பதினைந்து நாள். பசி தாங்காமல் கூட்டம் தானே கரைந்துவிடும் என்பது கணக்கு. ஊர்க்காரர்கள் சோற்றுப் பொட்டலங்களைச் சாலையோர மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். யார் கொடுத்தது என்று மரத்திடம்தான் விசாரிக்க வேண்டும். கும்பகோணத்தில் பந்துலு ஐயர் மறைக்காமலேயே இடம் கொடுத்துச் சிறைக்குப் போனார். வேதாரண்யத்தில் வைரப்பன் என்ற சவரத் தொழிலாளி, தன் முன்னால் உட்கார்ந்திருப்பவர் போலீஸ்காரர் என்று தெரிந்ததும், பாதி மழித்த கன்னத்தோடு அவரை விட்டுவிட்டு எழுந்துவிட்டார் என்று அந்த ஊர் இன்றும் சொல்கிறது.

அகிம்சையைப் பற்றி நம் பள்ளிகளில் சொல்லித்தருவதெல்லாம் பொறுமை, கருணை, நல்ல மனசு. வைரப்பனிடம் இவை இருந்தனவா என்று நமக்குத் தெரியாது. கையில் கூரான கத்தி இருந்தது தெரியும். எதிரியின் கழுத்து அதற்குச் சில விரற்கடை தூரத்தில் இருந்தது. அவர் அறுத்திருந்தால் ஊருக்குள் படை வந்திருக்கும், வருவதற்கு ஒரு நியாயமும் கிடைத்திருக்கும். பயந்துகொண்டு மழித்து முடித்திருந்தால் எதுவுமே நடந்திருக்காது. அவர் மூன்றாவதாக ஒன்றைச் செய்தார்: தன் வேலையைத் திருப்பி எடுத்துக்கொண்டார். எவ்வளவு பெரிய அரசாங்கமானாலும் அதற்குச் சமைக்க, மழிக்க, வண்டி ஓட்ட, கணக்கெழுத யாரோ ஒருவர் தினமும் சம்மதிக்க வேண்டியிருக்கிறது. அந்தச் சம்மதத்தை எங்கே, எந்த நாளில், எத்தனை பேர் சேர்ந்து நிறுத்துவது என்று திட்டமிடும் தொழில்நுட்பமாகவே அகிம்சையைப் பார்க்க வேண்டும் என்பது என் வாதம். நல்ல மனசு இருந்தால் சிறப்பு. இல்லாதவரும் இந்த வேலையைக் கற்றுக்கொள்ளலாம்.

எரிகா செனோவெத், மரியா ஸ்டீபன் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 1900 முதல் 2006 வரை நடந்த 323 பெரும் போராட்டங்களை எடுத்துக்கொண்டு கணக்குப் பார்த்தார்கள். ஆயுதமில்லாதவற்றில் 53 விழுக்காடு வென்றிருந்தன. ஆயுதம் ஏந்தியவற்றில் 26 விழுக்காடு. எதை வெற்றி என்பது, எதை ஆயுதமில்லாதது என்பது என்று இந்தக் கணக்கோடு மல்லுக்கு நிற்கலாம். அண்மை ஆண்டுகளில் அகிம்சைப் போராட்டங்களின் வெற்றியும் குறைந்துவருவதாக செனோவெத்தே எழுதியிருக்கிறார். எனக்கு இதில் முக்கியமாகப்படுவது அவர்கள் சொல்லும் காரணம்தான். துப்பாக்கி தூக்க இளைஞர்களே பெரும்பாலும் வருவார்கள். மரத்தில் பொட்டலம் கட்டக் கிழவியும் வரலாம்.

ஆனால் வந்தவர்களைப் பழக்க வேண்டும். நாக்பூரில் மூன்றாண்டுகள் தங்கி காந்தியின் வழிமுறைகளைப் படித்துவிட்டு அமெரிக்கா திரும்பிய ஜேம்ஸ் லாசன், 1959-ல் நாஷ்வில் நகரத்துக் கறுப்பின மாணவர்களுக்கு வகுப்பு எடுத்தார். மாணவர்களில் சிலர் வெள்ளையர்களாக நடித்து மற்றவர்களைத் திட்டுவார்கள், முகத்தில் புகை ஊதுவார்கள், நாற்காலியிலிருந்து பிடித்துத் தள்ளுவார்கள். திருப்பி அடிக்காமல் விழுவது எப்படி, தலையைக் காப்பது எப்படி, ஒருவர் கைதானால் அந்த நாற்காலியில் அடுத்து யார் உட்காருவது என்பதெல்லாம் பாடம். 1960 பிப்ரவரியில், கடைகளுக்குள் வெள்ளையருக்கு மட்டுமேயிருந்த உணவு மேடைகளில் அவர்கள் போய் உட்கார்ந்தார்கள். கூடவே கறுப்பின மக்கள் நகரக் கடைகளில் எதுவும் வாங்குவதை நிறுத்தினார்கள். ஏப்ரலில் அவர்களுடைய வழக்கறிஞரின் வீட்டில் குண்டு வெடித்தபோது, ஆத்திரம் தெருவில் கல்லாகப் பறக்காமல் ஆயிரக்கணக்கானோரின் மௌன ஊர்வலமாக மேயரிடம் போய் நின்றது. மே 10 அன்று அந்த மேடைகள் கறுப்பினத்தவருக்கும் திறந்தன.

இதெல்லாம் கொஞ்சமாவது வெட்கப்படும் எதிரியிடம்தானே பலிக்கும், ஹிட்லரிடம் பலிக்குமா என்று கேட்பார்கள். ஹிட்லரை வீழ்த்தியது படைகள்தான். அதை மறுக்கத் தேவையில்லை. ஆனால் 1942-ல் ஜெர்மானியர் பிடியிலிருந்த நார்வேயில், நாஜிச் சார்புச் சங்கத்தில் சேரச் சொன்னபோது ஆசிரியர்களில் பெரும்பான்மையோர் மறுத்துக் கடிதம் எழுதினார்கள். ஏறத்தாழ ஆயிரம் பேர் கைதானார்கள். பல நூறு பேர் வடகோடிக் குளிரில் கட்டாய உழைப்புக்கு அனுப்பப்பட்டார்கள். ஆண்டு முடிவதற்குள் அவர்கள் வீடு திரும்பினார்கள். பள்ளிக்கூடங்களை நாஜிமயமாக்கும் திட்டம்தான் கைவிடப்பட்டது.

தமிழருக்கு ஹிட்லரைவிடக் கடினமான கேள்வி பக்கத்திலேயே, இலங்கையில் இருக்கிறது. சிங்களம் மட்டும் சட்டத்தை எதிர்த்து 1956 ஜூன் 5 அன்று கொழும்பு காலி முகத்திடலில் தமிழரசுக் கட்சித் தலைவர் செல்வநாயகமும் தோழர்களும் சத்தியாகிரகம் இருந்தார்கள், குண்டர்கள் அடித்தார்கள். 1961 பிப்ரவரியில் யாழ்ப்பாணம் கச்சேரி (மாவட்ட அரசு அலுவலகம்) வாசலில் தொடங்கிய மறியல் வடக்கு கிழக்கு முழுவதும் பரவி அரசு அலுவலகங்களை முடக்கியது. தமிழரசுக் கட்சி தனியாக அஞ்சல் சேவைகூட நடத்திக் காட்டியது. ஏப்ரலில் அவசரநிலை அறிவிக்கப்பட்டு ராணுவம் இறங்கியது, தலைவர்கள் சிறைப்பட்டார்கள். அங்கே கட்டுப்பாட்டுக்கும் துணிவுக்கும் குறைவில்லை. பிடி போட இடமில்லாததுதான் குறை என்று எனக்குத் தோன்றுகிறது. கச்சேரி மூடிக் கிடந்தால் கொழும்பு ஆட்சிக்கு ஒரு வாக்கும் குறையாது. தெற்கில் வாக்கு கூடவும் செய்யலாம். இலங்கையின் கஜானாவை நிரப்பியது மலையகத் தேயிலை. அதைப் பறித்த தமிழ்த் தொழிலாளர்களின் குடியுரிமை 1948-லேயே பறிபோயிருந்தது. அந்த அநீதியை எதிர்த்தே தமிழரசுக் கட்சி பிறந்தது. ஆனாலும் யாழ்ப்பாணத்துக்கும் அந்தத் தொழிலாளர்கள் வாழ்ந்த தோட்டத்து லயத்துக்கும் நடுவே இருந்த தூரம் குறையவில்லை. ஆக, அகிம்சை எங்கும் பலிக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். எதிரிக்கு நம்மிடமிருந்து எதுவும் தேவைப்படாத இடத்தில் அது திணறும். ஆனால் பின்னால் வந்த ஆயுதப் போர் 2009 மே மாதம் எங்கே கொண்டுபோய் விட்டது என்பதையும் அதே தராசில் வைக்க வேண்டும். ஆயுதம் தோற்றால் ஆயுதம் போதவில்லை என்கிறோம். அகிம்சை தோற்றால் மட்டும் கொள்கையே தோற்றது என்கிறோம்.

இங்கே தமிழ்நாட்டில் அந்தத் தொழில்நுட்பம் எந்த நிலையில் இருக்கிறது என்றால், காலை டிபனுக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் நடுவே முடிந்துவிடும் அடையாள உண்ணாவிரதமாக இருக்கிறது. அது பலிக்காத எரிச்சலில் பஸ் கண்ணாடி உடைகிறது. லத்தி பிடிக்கப் போகிறவருக்கு மாதக்கணக்கில் பயிற்சி உண்டு. அந்த லத்திக்கு எதிரே உட்காரப் போகிறவருக்கு முந்தின நாள் வாட்ஸ்அப்பில் இடமும் நேரமும் வருகின்றன.