தாய்லாந்தில் செட்டில் ஆன வெளிநாட்டுத் தாத்தாக்கள்... ரூல் மாறினால் என்ன செய்வார்கள்?

கடற்கரை ஓரமா ஒரு சின்ன காண்டோ, காலையில் இளநீர், சாயங்காலம் ஸ்கூட்டரில் ஒரு ரவுண்டு. 'மாசம் இவ்வளவுதான் செலவு, சீக்கிரமே ரிட்டயர் ஆகி தாய்லாந்து வந்துடுங்க' என்று சொல்லும் ரீல்ஸ் ஒன்றாவது உங்கள் போனில் வந்து போயிருக்கும். ஐ.டி வேலையில் நொந்துபோன ஒரு ராத்திரியில் அதை சேவ் பண்ணியும் வைத்திருப்பீர்கள்.

அந்த ரீல்ஸ் வாழ்க்கையை நிஜமாகவே வாழப் போனவர்கள் பல்லாயிரம் பேர். பிரிட்டன், அமெரிக்கா, ஜெர்மனி, ஆஸ்திரேலியாவில் ஆயுசு முழுக்க வேலை பார்த்துவிட்டு, பென்ஷனோடு பட்டாயா, ஹுவா ஹின், சியாங் மாய், உடோன் தானி என்று குடியேறியவர்கள். குளிர் கிடையாது, வாடகை குறைவு, ஆஸ்பத்திரி நல்லா இருக்கு, பென்ஷன் பணம் தாராளமாக வரும் என்பது அவர்கள் போட்ட கணக்கு.

அந்தக் கணக்குதான் கடந்த சில வருடங்களாக உதைக்கிறது. அவர்கள் ஊதாரித்தனமாகச் செலவு செய்துவிடவில்லை. விசா விதி ஒரு பக்கம், வரி விதி ஒரு பக்கம், சொந்த நாட்டின் பென்ஷன் விதி ஒரு பக்கம் என்று மூன்றும் தனித்தனியாக மாறிக்கொண்டே இருக்கின்றன.

விசாவுக்கு என்ன காட்டணும்?

50 வயது தாண்டிய வெளிநாட்டவர் ஓய்வுக்காலத்தைக் கழிக்க தாய்லாந்து ஒரு வருட அனுமதி தருகிறது. வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். அதற்கு தாய்லாந்து வங்கியில் 8 லட்சம் பாட் இருக்க வேண்டும். நம்ம பணத்தில் 20 லட்சம் ரூபாய்க்கு மேல். இல்லையென்றால் மாதம் 65,000 பாட் வருமானம் காட்ட வேண்டும். இரண்டையும் கலந்து வருடத்துக்கு 8 லட்சம் கணக்குக் காட்டும் மூன்றாவது வழியும் உண்டு.

புதுப்பிக்கும் கட்டணம் 1,900 பாட்தான். ஆனால் கூடவே சில நிபந்தனைகள் உண்டு. 90 நாளுக்கு ஒரு தடவை 'நான் இந்த முகவரியில்தான் இருக்கேன்' என்று இமிகிரேஷனுக்குத் தெரிவிக்க வேண்டும். ரீ-என்ட்ரி பெர்மிட் எடுக்காமல் நாட்டை விட்டு வெளியே போனால், மிச்சமிருக்கும் அனுமதி அத்தோடு காலி. வேலை பார்க்கக் கூடாது. நிலம் வாங்க முடியாது. 20 வருடம் இருந்தாலும் இந்த அனுமதியில் அவர் விருந்தாளிதான்.

2019: ஒரே வருடத்தில் மூன்று அடி

முன்பெல்லாம் 65,000 பாட் வருமானத்துக்கு ஆதாரமாக, சொந்த நாட்டின் தூதரகம் தரும் ஒரு கடிதம் போதும். அந்த வருமானத்தைத் தூதரகம் உறுதியாகச் சரிபார்க்க வேண்டும் என்பது தாய்லாந்தின் எதிர்பார்ப்பு. 'எங்களால் அப்படிச் சரிபார்க்க முடியாது' என்று அமெரிக்க, பிரிட்டிஷ், ஆஸ்திரேலியத் தூதரகங்கள் 2019 தொடக்கத்தில் கடிதம் கொடுப்பதையே நிறுத்திவிட்டன. அப்புறம் என்ன? மாதா மாதம் வெளிநாட்டிலிருந்து தாய்லாந்து வங்கிக்குப் பணம் வந்ததற்கு 12 மாத ஆதாரம் காட்ட வேண்டியதாயிற்று. பென்ஷனைப் பாதி இங்கே, பாதி அங்கே என்று வைத்திருந்தவர்கள் மாட்டிக்கொண்டார்கள்.

அதே வருடம் மார்ச்சில் டெபாசிட் விதியும் இறுகியது. விண்ணப்பிக்கும் முன் 2 மாதம், அனுமதி கிடைத்த பின் 3 மாதம் என 8 லட்சமும் கணக்கில் அசையாமல் இருக்க வேண்டும். மீதி மாதங்களில் 4 லட்சத்துக்குக் கீழே இறங்கக் கூடாது. அதாவது, அந்த 4 லட்சம் உங்கள் பெயரில் இருக்கும். ஆனால் உங்களுக்குப் பயன்படாது. அவசரத்துக்கு எடுத்தால் அடுத்த வருட அனுமதிக்கு ஆபத்து.

மூன்றாவது, மருத்துவக் காப்பீடு. 'ஓ-ஏ' என்ற வகை ஓய்வு விசாவுக்கு 2019 அக்டோபர் 31 முதல் அது கட்டாயம். முதலில் உள்நோயாளி சிகிச்சைக்கு 4 லட்சம் பாட், வெளிநோயாளிக்கு 40,000 பாட் கவரேஜ் கேட்டார்கள். பிறகு அது 30 லட்சம் பாட் என்று எகிறியது. 75 வயதுக்காரருக்குப் புதிதாக பாலிசி தர எத்தனை நிறுவனம் முன்வரும்? தந்தாலும் பிரீமியம் எவ்வளவு இருக்கும்? அதனால் பலர் காப்பீடு கேட்காத 'ஓ' வகைக்கு மாறினார்கள். விசா பிரச்னை தீர்ந்தது; உடம்புக்கு ஏதாவது வந்தால் சொந்தக் காசுதான்.

தாய்லாந்து பக்கம் நியாயம் இல்லையா?

இருக்கிறது. சிகிச்சை எடுத்துக்கொண்ட வெளிநாட்டவர் பில் கட்டாமல் போனால், அந்தச் சுமை அரசு மருத்துவமனைகள் தலையில்தான் விழும். டெபாசிட் விதிக்கும் காரணம் உண்டு. கமிஷன் வாங்கிக்கொண்டு விண்ணப்பதாரர் கணக்கில் சில நாளைக்கு மட்டும் 8 லட்சத்தைப் போட்டு எடுக்கும் ஏஜென்ட்கள் இருந்தார்கள். பணத்தை 3 மாதம் கூடுதலாகக் கட்டிப்போட்டால் அந்த ஏமாற்று வேலை செலவு பிடித்ததாகிவிடும் அல்லவா?

ஒரு நாடு, விருந்தாளி தன் செலவைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டும் என்று கேட்பதில் தப்பே கிடையாது. கேள்வி வேறு. பழைய விதியை நம்பி வீட்டை விற்றுவிட்டு வந்தவருக்கு நடுவழியில் புதிய விதி வந்தால், அவர் என்ன செய்வார்?

இதற்கு தாய்லாந்தே ஒரு காலத்தில் அழகான பதில் வைத்திருந்தது. 1998 அக்டோபர் 21-க்கு முன் வந்து, இடைவெளி இல்லாமல் புதுப்பித்து வருபவர்களில் 60 வயது தாண்டியவர்களுக்கு 2 லட்சம் பாட் இருந்தால் போதும். உயர்த்தப்பட்ட 8 லட்சம், பின்னால் வந்தவர்களுக்கு. போர்ச்சுகலும் அப்படித்தான். வெளிநாட்டு பென்ஷனுக்கு வரியே இல்லை என்று 2009-ல் சலுகை தந்த அந்த நாடு, 2020-ல் புதிதாக வருபவர்களுக்கு 10 சதவிகித வரி போட்டது. 2024-ல் புதியவர்களுக்குக் கதவையே மூடியது. ஆனால், ஏற்கெனவே உள்ளே இருந்தவர்கள் தங்களுக்குச் சொன்ன 10 வருடத்தை முடித்துக்கொள்ளலாம்.

மலேசியா 2021-ல் தன் 'இரண்டாவது இல்லம்' திட்டத்துக்கான மாத வருமான நிபந்தனையை 10,000 ரிங்கிட்டிலிருந்து 40,000 ரிங்கிட்டாக ஒரே தாவாகத் தாவ வைத்தது. பழையவர்களுக்கும் இதுதான் என்ற பேச்சு வந்ததும் பெரிய எதிர்ப்பு. ஜோகூர் சுல்தானே வெளிப்படையாக அதிருப்தி தெரிவித்தார். பிறகுதான் பழையவர்களுக்குத் தளர்வு கிடைத்தது.

ஆக, விதி மாறுவதைவிட, மாறும்போது உள்ளே இருப்பவர்களை எப்படி நடத்துகிறார்கள் என்பதுதான் பெரிய விஷயம்.

வரி அலுவலகத்திலிருந்து வந்த செய்தி

தாய்லாந்தில் ஒரு வருடத்தில் 180 நாள் இருந்தால் வரி விஷயத்தில் நீங்கள் அந்நாட்டுவாசி. ஆனாலும் ஒரு வசதி இருந்தது. வெளிநாட்டில் சம்பாதித்த பணத்தை அந்த வருடமே கொண்டுவராமல், அடுத்த வருடம் கொண்டுவந்தால் வரி கிடையாது. 2023 செப்டம்பரில் வருவாய்த் துறை போட்ட உத்தரவு இந்த வசதியை நிறுத்தியது. 2024 ஜனவரி 1 முதல் ஈட்டும் வருமானம் எந்த வருடம் உள்ளே வந்தாலும் வரிக்கணக்கில் சேரும். அதற்கு முன் சேர்த்த பணத்துக்கு விலக்கு உண்டு என்று பிறகு ஒரு விளக்கம் வந்தது.

சும்மா பயப்படத் தேவையில்லை. முதல் 1.5 லட்சம் பாட்டுக்கு வரி இல்லை, 65 வயதானவர்களுக்கு 1.9 லட்சம் பாட் கழிவு, அதுபோக இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தங்கள் என்று நிறைய இருக்கிறது. உதாரணமாக, அமெரிக்காவின் சோஷியல் செக்யூரிட்டி பணத்துக்கு வரி போடும் உரிமை அமெரிக்காவுக்கு மட்டும்தான். பலருக்கு வரித்தொகை பெரிதாக இருக்காது. ஆனால், எந்தப் பணம் 2024-க்கு முந்தையது, எது பிந்தையது, எதற்கு அங்கே ஏற்கெனவே வரி கட்டியாச்சு என்பதையெல்லாம் 78 வயதில், தெரியாத மொழியில், பேப்பர் பேப்பராக நிரூபிக்க வேண்டும்.

இன்னொரு பக்கம், 2022-ல் தாய்லாந்து கொண்டுவந்த 10 வருட விசா இருக்கிறது. வருடத்துக்கு 80,000 டாலர் வருமானம் உள்ள பென்ஷன்தாரர் அதை வாங்கலாம். வெளிநாட்டிலிருந்து கொண்டுவரும் வருமானத்துக்கு வரிவிலக்கும் உண்டு. பணக்காரருக்குச் சலுகை, நடுத்தரக்காரருக்குக் கணக்கு வழக்கு!

உறைந்துபோன பென்ஷன்

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2016-ல் 65 வயதில் ஓய்வு பெற்று தாய்லாந்து போன ஒரு பிரிட்டிஷ்காரர். அரசு பென்ஷன், கம்பெனி பென்ஷன் சேர்த்து மாதம் 1,400 பவுண்டு என்று வைத்துக்கொள்வோம். அன்று ஒரு பவுண்டு சுமார் 50 பாட். 70,000 பாட் ஆச்சு. விசாவுக்கு வேண்டிய 65,000-ஐத் தாண்டியாச்சு. பிரெக்ஸிட் வாக்கெடுப்புக்குப் பிறகு பவுண்டு சரிந்து, 2019-ல் 40 பாட் அளவுக்கு வந்தபோது அதே 1,400 பவுண்டு 56,000 பாட்தான். அவர் எந்தத் தப்பும் செய்யவில்லை. ஆனாலும் வருமானக் கணக்கில் ஃபெயில்!

இதைவிடக் கொடுமை அவருடைய சொந்த அரசாங்கம் செய்வது. பிரிட்டனில் அரசு பென்ஷன் வருடா வருடம் உயரும். ஆனால் நீங்கள் எந்த நாட்டில் வசிக்கிறீர்கள் என்பதைப் பொறுத்துதான் அந்த உயர்வு வரும். 2016-ல் முழு பென்ஷன் வாரம் 155.65 பவுண்டு. 2025-ல் அது 230.25 பவுண்டு. அவர் பிலிப்பைன்ஸில் இருந்தால் புதிய தொகை கிடைக்கும். தாய்லாந்தில் இருப்பதால் 155.65-லேயே உறைந்து நிற்கும். வருடத்துக்கு 3,879 பவுண்டு நஷ்டம். வேலை பார்த்த காலத்தில் இருவரும் கட்டிய காப்பீட்டுச் சந்தா ஒன்றுதான்.

இதை எதிர்த்து தென்னாப்பிரிக்காவில் வசித்த ஒரு பெண்மணி தொடுத்த வழக்கு 2005-ல் பிரிட்டனின் பிரபுக்கள் சபையில் தோற்றது. 2010-ல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்திலும் தோற்றது. உலகம் முழுக்க 4 லட்சத்துக்கும் அதிகமான பென்ஷன்தாரர்கள் இப்படி உறைந்த தொகைதான் வாங்குகிறார்கள்.

இந்த உறைநிலைப் பட்டியலில் ஆஸ்திரேலியா, கனடா இருக்கின்றன. இந்தியாவும் இலங்கையும்கூட இருக்கின்றன. லண்டனில் 30 வருடம் உழைத்துவிட்டு, கடைசிக்காலத்தை சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ கழிக்கலாம் என்று திரும்பும் நம்மவர்களுக்கும் இதேதான். உங்கள் மாமாவோ அத்தையோ அப்படி ஒரு திட்டத்தில் இருந்தால், டிக்கெட் போடும் முன் இதைச் சொல்லிவிடுங்கள்.

எப்படிச் சமாளிக்கிறார்கள்?

வசதி இருப்பவர்கள் 8 லட்சத்தைத் தனிக் கணக்கில் போட்டு, அப்படி ஒன்று இருப்பதையே மறந்துவிடுகிறார்கள். இல்லாதவர்கள் வருமானமும் டெபாசிட்டும் கலந்த வழிக்குப் போகிறார்கள். நாம் பார்த்த அந்த பிரிட்டிஷ்காரர், மாதம் 56,000 பாட் வந்ததற்கான ஆதாரத்தோடு 1.28 லட்சம் பாட் டெபாசிட்டும் காட்டினால் 8 லட்சம் கணக்கு சரியாகிவிடும். 2023 வரை சேர்த்த பணத்தைத் தனிக் கணக்கில் பிரித்து, ஸ்டேட்மென்ட்டைப் பத்திரப்படுத்துகிறவர்கள் உண்டு. வருடத்தில் 180 நாளுக்குக் குறைவாகத் தங்கி, மீதியை வேறு நாட்டில் கழிப்பவர்களும் உண்டு.

திரும்பிப் போவதும் ஒரு வழிதான். ஆனால் சொந்த ஊரில் வீடு இல்லை. விற்ற விலைக்கு இப்போது வாங்கவும் முடியாது. இங்கே கட்டிய வீட்டின் நிலம் தாய்லாந்து மனைவி பெயரில். போனால் எங்கே போவது?

நமக்கு என்ன?

35 வயதில் ரூல் மாறினால் வேறு வேலை, வேறு நாடு என்று ஓடலாம். 75 வயதில் புதிய வேலை கிடைக்காது, புதிய இன்ஷூரன்ஸ் கிடைக்காது, பெட்டியைத் தூக்கிக்கொண்டு அலையத் தெம்பும் இருக்காது. ரீல்ஸ்காரர்கள் போடும் கணக்கில் வாடகை இருக்கும், சாப்பாடு இருக்கும், பெட்ரோல் இருக்கும். இது மட்டும் இருக்காது.

அதனால் அந்த ரீல்ஸை டெலீட் பண்ண வேண்டாம். கூடவே சில கேள்விகளை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கடைசியாக விதி மாறியபோது ஏற்கெனவே இருந்தவர்களுக்கு அந்த நாடு விலக்கு கொடுத்ததா? நம் வருமானம் எந்த நாட்டுப் பணத்தில் வரும், அது 20 சதவிகிதம் சரிந்தாலும் விசா நிபந்தனையைத் தாண்டுமா? திரும்பி வர வேண்டியிருந்தால், வந்து தங்க ஒரு கூரை மிச்சம் இருக்கிறதா?

வாடகை எவ்வளவு என்பதை அப்புறம் கேட்டுக்கொள்ளலாம்.