நீலப் புடைப்பும் ஊசி மருந்தும்

குழந்தையின் கன்னத்தில் நீலநிறப் புடைப்பொன்று தென்பட்டால், "கிரகணத்தன்று வெளியே வந்தாயோ?" என்று தாயைக் கேட்பவர் நம்மிடையே இன்றும் உண்டு. தாய்மீது குற்றமில்லை. கருவில் சிரைகள் உருவாகும்போதே நேர்ந்த அமைப்புக் கோளாறு அது.

பிறந்த சில வாரங்களில் சிவந்து தடிக்கும் இரத்தக் கட்டி வேறு. அது பெரும்பாலும் சில ஆண்டுகளில் தானே சுருங்கிவிடும். சிரைக் கோளாறோ குழந்தையோடு வளரும், தானாக மறையாது. இவ்வேறுபாட்டை மல்லிகன், குளோவாக்கி என்னும் அமெரிக்க அறிஞர்கள் 1982-இல் தெளிவுபடுத்தினர். எது என்று அறிந்த பின்னரே சிகிச்சையை முடிவு செய்ய வேண்டும்.

சிரைக் கோளாற்றுக்கு ஊசி மருந்து பயன் தரும். ஸ்கேன் கருவியின் துணையோடு, சோடியம் டெட்ராடெசில் சல்பேட் போன்ற மருந்தைப் புடைப்பினுள் செலுத்துவர். அது குழாயின் உட்படலத்தைச் சிதைக்க, இரத்தம் உறைந்து, சுவர்கள் தடித்து, புடைப்பு மெல்லச் சுருங்கும். பெரும்பாலும் பலமுறை செலுத்த நேரிடும். முற்றிலும் மறையுமென உறுதி கூற இயலாது. சில நாள் வீக்கமும் வலியும் இருக்கும். மருந்து வெளியே கசிந்தால் தோல் புண்ணாகலாம். ஆதலால் இதில் பயிற்சி பெற்ற மருத்துவரையே நாடுவோமாக.

தாயைத் தலைகுனியச் செய்யும் அக்கேள்வியையும் இனி நம் இல்லங்களில் கேளாதிருப்போம்.