ஆட்டத் தாளைக் காட்டுங்கள்

1960-ஆம் ஆண்டு ரோமாபுரி ஒலிம்பிக் பந்தயத்தில் பெரு நாட்டு அணியிடம் 1–3 என்ற கணக்கில் தோற்ற இந்தியக் கால்பந்து அணிக்காக அந்த ஒற்றைக் கோலைப் போட்டவர் யார் என்ற எளிய வினாவுக்கு, அறுபது ஆண்டுகளுக்கு மேல் கழிந்த பின்னும், நம் தேசத்தில் இரண்டு விடைகள் உலவி வருகின்றன. துளசிதாஸ் பலராம் என்று ஆட்ட விவரப் பட்டியல்கள் கூறுகின்றன. 2023-இல் அவர் காலமானபோது வெளிவந்த அஞ்சலிக் குறிப்புகளும் அவ்வாறே கூறின. சைமன் சுந்தரராஜ் என்று, 1973-இல் கேரளம் முதன்முறையாகச் சந்தோஷ் கோப்பையை வென்றபோது அந்த அணிக்குப் பயிற்சியாளராக இருந்த பெரியவரின் பெயரைப் பத்திரிகைகள் பல எழுதி வந்திருக்கின்றன. அதற்குப் பிறகு ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியா அடியெடுத்து வைக்கவே இல்லையாதலால், அது நம் தேசத்தின் கடைசி ஒலிம்பிக் கோல் என்ற கீர்த்தியும் அதனோடு சேர்ந்திருக்கிறது. ஒருவருக்கு அதைக் கொடுத்தால் மற்றவருக்கு அநீதி செய்தவராவோம்.

இத்தகைய ஐயங்கள் முன்பெல்லாம் விளையாட்டுப் பிரியர்களின் மாலைநேர வாதத்தோடு முடிந்துவிடும். பெரியசாமித் தூரன் அவர்களை முதன்மை ஆசிரியராகக் கொண்டு 1954 முதல் தமிழ் வளர்ச்சிக் கழகம் பத்துத் தொகுதிகளாக வெளியிட்ட கலைக்களஞ்சியத்தில், எந்த ஆட்டக்காரர் எத்தனை கோல் போட்டார் என்ற கணக்குக்கு இடமும் இல்லை, அவசியமும் இல்லை. இன்றோ 2003-இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில், எவரும் எழுதலாம், எவரும் திருத்தலாம் என்ற விதியின்கீழ், ஒவ்வொரு கால்பந்தாட்டக்காரரைப் பற்றிய கட்டுரையின் ஓரத்திலும் ஒரு தகவற்பெட்டி வைக்கப்பட்டு, ஆண்டு, அணி, ஆடிய ஆட்டங்கள், போட்ட கோல்கள் என்ற கட்டங்கள் நிரப்பப்படுகின்றன. இந்த எண்கள் எங்கிருந்து வருகின்றன என்று துருவிப் பார்த்தால், பெரும்பாலானவை ஆங்கிலப் பதிப்பிலிருந்து எடுக்கப்பட்டவை. ஆங்கிலப் பதிப்புக்கு ஏதோ ஒரு புள்ளிவிவரத் தளம் ஆதாரம். அந்தத் தளத்துக்கு எது ஆதாரம் என்பதோ அதன் பக்கத்தில் எங்கும் சொல்லப்படுவதில்லை. சில சமயங்களில் பத்திரிகை நிருபரே இந்த இணையக் கலைக்களஞ்சியத்தைப் பார்த்து எண்ணை எழுத, மறுவாரம் அந்தப் பத்திரிகையே கலைக்களஞ்சியத்தின் அடிக்குறிப்பில் ஆதாரமாக ஏறி அமர்ந்துவிடுகிறது. நம் தொழிலைச் சேர்ந்தவர்கள் இதைக் கேட்டுக் கொஞ்சம் நாணத்தான் வேண்டும்.

நம் அபிப்பிராயம் இதுதான்: ஓர் எண்ணுக்குப் பின்னால் இன்ன நாளில் இன்ன ஆட்டத்தில் என்று காட்டத்தக்க ஆட்டப் பதிவு இல்லையேல், அந்தக் கட்டம் வெற்றாகவே இருக்கட்டும், அதை நிரப்பும் கடமை, கையில் பதிவை வைத்துக்கொண்டு பிரசுரிக்காமல் இருக்கும் விளையாட்டு ஸ்தாபனங்களைச் சேர்ந்தது.

இது மிகையான கண்டிப்பு என்று நினைப்பவர்கள் பாய்ச்சுங் பூட்டியாவின் கணக்கைப் பார்க்கவேண்டும். தேசத்துக்காக அவர் ஏறத்தாழ எண்பது ஆட்டங்களில் 27 கோல்கள் போட்டார் என்று ஒரு கணக்கு. நூற்றுக்கு மேற்பட்ட ஆட்டங்களில் நாற்பதுக்கு மேற்பட்ட கோல்கள் என்று மற்றொரு கணக்கு. இதில் எவரும் பொய் சொல்லவில்லை. எதை ஆட்டம் என்று எண்ணுவது என்பதிலேயே பேதம் இருக்கிறது. அயல்நாட்டுச் சங்க அணியோடு ஆடியதைச் சேர்க்கலாமா? 2002 முதல் இருபத்து மூன்று வயதுக்குட்பட்டோர் பந்தயமாகிவிட்ட ஆசிய விளையாட்டை என்ன செய்வது? 2012-ஆம் ஆண்டு நேரு கோப்பையில் காமரூன் தன் முதல்தர அணியை அனுப்பாமல் இரண்டாம் அணியை அனுப்பியதே, அந்த இறுதியாட்டம் இரு தேசங்களுக்கிடையே நடந்த ஆட்டமாகுமா? இவற்றுக்கு ஆளுக்கொரு விடை சொல்லலாம். ஆனால் எந்த விடையைக் கொண்டு கூட்டினோம் என்று சொல்லாமல் கூட்டுத்தொகையை மட்டும் எழுதுவது கணக்காகாது. இதற்கு மாறாக, சுனில் சேத்ரி 2005-ஆம் ஆண்டு ஜூன் 12 அன்று குவெட்டாவில் பாகிஸ்தானுக்கு எதிராகப் போட்ட முதல் கோலிலிருந்து, ஓய்வுபெற்றுத் திரும்பி வந்து 2025 மார்ச்சில் மாலத்தீவுக்கு எதிராகப் போட்ட 95-ஆவது கோல்வரை, ஒவ்வொன்றும் நாள், இடம், எதிரணி என்று வரிவரியாகப் பட்டியலிடப்பட்டிருப்பதால், ஐயமுள்ளவர் ஒவ்வொரு வரியாக எடுத்துச் சோதித்துப் பார்க்கலாம். அந்த எண்ணை நாம் நம்புவது சேத்ரியின் புகழால் அன்று, அந்தப் பட்டியலால்.

பதிவைக் காப்பாற்றுவதன் பெருமையை நம் ஜவ்வாது மலைக்காரர்களுக்கு எவரும் வந்து போதிக்கவேண்டிய அவசியமில்லை. 1977-ஆம் ஆண்டு மார்ச் 10-ஆம் தேதி யுரேனஸ் கிரகம் ஒரு நட்சத்திரத்தை மறைத்துச் சென்ற வேளையில், காவலூர் வானாய்வுக்கூடத்தின் ஒரு மீட்டர் தொலைநோக்கியில் அந்த நட்சத்திரத்தின் ஒளி, கிரகம் அதை எட்டுவதற்கு முன்பே சற்று மங்கியது பதிவாயிற்று. நம் விஞ்ஞானிகள் முதலில் அதைப் புதியதொரு துணைக்கோளின் நிழல் என்றே கருதினர். உலகின் வேறு இடங்களிலிருந்தும், ஆகாயத்தில் பறந்துகொண்டிருந்த அமெரிக்க வானாய்வு விமானத்திலிருந்தும் கிடைத்த பதிவுகளோடு ஒப்பிட்டபோது, அவை யுரேனஸைச் சூழ்ந்த வளையங்கள் என்று தெளிவாயிற்று. முதல் முடிவு மாறியதால் காவலூரின் கௌரவம் குறைந்துவிடவில்லை. முடிவை மட்டும் எழுதிவிட்டு மூலப் பதிவைக் கைவிட்டிருந்தால் அதை மாற்றவே வழியிருந்திராது. கால்பந்தாட்டத்துக்கு வான சாஸ்திரத்தின் நுட்பம் வேண்டாம். மூலத்தை எறிந்துவிடாத அந்த ஒழுங்கு மட்டும் போதும்.

மூலம் இல்லாத தொழிலும் அன்று இது. ஒழுங்காக நடத்தப்படும் எந்தப் பந்தயத்திலும், ஆட்டம் தொடங்குமுன் இரு அணிகளின் பெயர்ப் பட்டியல் கொடுக்கப்படுகிறது. முடிந்ததும் யார் எந்த நிமிஷத்தில் மாற்றாக இறங்கினார், யார் கோல் போட்டார், யாருக்கு மஞ்சள் அட்டை, யாருக்குச் சிவப்பு அட்டை என்பவற்றை நடுவர் எழுதிக் கையெழுத்திட்டு அனுப்புகிறார். எதிரணியின் காலில் பட்டுத் திரும்பி உள்ளே சென்ற பந்தைத் தாக்கியவர் கணக்கில் எழுதுவதா, சொந்த வலைக்குள் அடித்த கோலாக எழுதுவதா என்ற தகராறு அந்தத் தாளில்தான் தீருகிறது. அகில இந்திய லீக்குகளின் விவரம் ஓரளவு வெளியாகிறது. மாவட்ட லீக் ஆட்டங்களின் தாள்களோ பெரும்பாலும் அலமாரிக்குச் சென்று, அங்கிருந்து எங்கு செல்கின்றன என்பதை அலமாரியே அறியும்.

பெண்கள் ஆட்டத்தில் இந்தக் குறை இரட்டிப்பாகிறது. 2018–19-இல் இந்திய மகளிர் லீக்கை வென்ற மதுரை சேது அணியும், 2023-இல் தேசிய மகளிர் பட்டத்தை வென்ற தமிழ்நாட்டு அணியும் நம் காலத்தின் பெரிய சாதனைகள். ஆயினும் அந்த வீராங்கனைகளுள் பலருடைய ஆட்டக் கணக்கை ஆண்டுவாரியாக எழுதப் புகுந்தவர், ஓரிரண்டு செய்திக் குறிப்புகளுக்கு அப்பால் செல்ல இயலாமல் திண்டாடுகிறார். ஆண்களுக்கும் நிலைமை நிரந்தரமன்று. அதே 2018–19-இல் ஐ-லீக் பட்டம் வென்ற சென்னை சிட்டி அணி இன்று லீக்கிலேயே இல்லை. அணி மறையும்போது அதன் ஏடுகளும் மறைந்துவிடக்கூடும் என்ற எண்ணம் எவருக்கும் வருவதில்லை. பெட்ரோ மான்சி அந்தப் பருவத்தில் போட்ட 21 கோல்கள் நிலைத்திருக்கும். ஐந்து ஆட்டங்களில் கடைசிப் பத்து நிமிஷம் இறங்கிய உள்ளூர்ப் பையனின் கணக்குத்தான் முதலில் அழியும்.

பெயர் விஷயம் ஒன்றும் இருக்கிறது. தகப்பனார் பெயரின் முதலெழுத்தை முன்னால் வைப்பது நம் வழக்கம். குடும்பப் பெயரைக் கட்டாயமாகக் கேட்கும் அயல்நாட்டுத் தளங்களில் தகப்பனார் பெயரே ஆட்டக்காரர் பெயராகி, ஒருவர் இருவராகிறார். முதலெழுத்தை விட்டுவிட்டால் இருவர் ஒருவராகி, இரண்டு பேருடைய கோல்களும் ஒரே கட்டத்தில் குவிகின்றன. ஒரே ஊரில் ஒரே பெயருடைய நால்வர் இருப்பது நம் மலையில் அதிசயமா? அவர்களைப் பிரித்தறியும் ஆற்றல் எந்தப் புள்ளிவிவரத் தளத்துக்கும் கிடையாது. ஊர், பள்ளி, முதலெழுத்து எல்லாம் கண்ட உள்ளூர்த் தாளுக்கு உண்டு.

இவ்வளவு கண்டிப்பு காட்டினால் சிறிய ஊர் ஆட்டக்காரர்களே முதலில் நஷ்டமடைவார்கள் என்ற ஆட்சேபம் நியாயமானது. அதை நாம் அலட்சியப்படுத்தவில்லை. தொழில்முறை லீக்கில் ஓர் ஆட்டம் ஆடியிருந்தாலே கட்டுரைக்குத் தகுதி என்ற பழைய வழக்கத்தை ஆங்கில விக்கிப்பீடியா 2022-இல் கைவிட்டது முதல், சுயேச்சையான ஆதாரம் இல்லாதவர்களுக்கு அங்கே இடம் சுருங்கிவிட்டது. ஆனால் ஆதாரமற்ற எண்ணைப் போட்டு அவர்களைக் காப்பாற்றலாம் என்பது மயக்கம். ஒரு பொய்யெண் பிடிபட்டால், அதே கட்டுரையிலுள்ள மெய்யெண்கள் எல்லாம் சந்தேகத்துக்குள்ளாகின்றன. பெரிய ஊர்க்காரருக்கு வேறு நூறு சாட்சிகள் உண்டு, சிறிய ஊர்க்காரருக்கு அந்தக் கட்டுரை ஒன்றே சாட்சி. பயனர்களே எண்களை இட்டு நிரப்பும் டிரான்ஸ்ஃபர்மார்க்ட் போன்ற தளத்தை ஆதாரமாக ஏற்பதற்கில்லை என்று ஆங்கிலப் பதிப்பினர் கருதுவதைத் தமிழ்ப் பதிப்பினரும் பின்பற்றலாம். 1994 முதல் தன்னார்வலர்கள் ஆட்டம் ஆட்டமாகத் தொகுத்து வரும் ஆர்.எஸ்.எஸ்.எஸ்.எஃப். போன்ற பணியை அதனோடு ஒன்றாகத் தள்ளிவிடவும் கூடாது. தொகுத்தவர் பெயரும், ஆட்டத்தின் நாளும் அங்கே கண்முன் நிற்கின்றன.

ஆகவே நாம் கேட்பது பெரிய காரியமன்று. தமிழ்நாடு கால்பந்துச் சங்கமும் மாவட்டச் சங்கங்களும் ஒவ்வோர் ஆட்டத்தின் தாளையும் படமெடுத்து, ஆட்டம் நடந்த ஒரு வாரத்துக்குள் எல்லோரும் காணும்படி வெளியிடவேண்டும். முதலமைச்சர் கோப்பைப் பந்தயங்களை நடத்தும் விளையாட்டு மேம்பாட்டு ஆணையமும் அவ்வாறே செய்யவேண்டும். சிறுவர் சிறுமியர் ஆடும் பந்தயங்களில் பிறந்த தேதியும் முகவரியும் மறைக்கப்படட்டும். பெயரும் பள்ளியும் கோல் விழுந்த நிமிஷமும் இருந்தால் போதும். நாளை ஜமுனாமரத்தூரின் உண்டு உறைவிடப் பள்ளி ஒன்றிலிருந்து புறப்பட்டு மாநில அணிவரை செல்லும் ஒரு பெண்ணைப் பற்றிக் கட்டுரை எழுதப்படும்போது, அவள் பதினைந்து வயதில் ஆடிய ஆட்டத்தின் தாள் கிடைக்குமா கிடைக்காதா என்பது இந்த ஆண்டு நாம் செய்யும் ஏற்பாட்டைப் பொறுத்தது. பழைய தாள்களைப் பொறுத்தவரை, சங்கங்களின் முன்னாள் செயலாளர்களும் ஓய்வுபெற்ற நடுவர்களும் வீட்டுப் பரணில் வைத்திருப்பவற்றைக் கன்னிமரா நூலகம் போன்ற பொது நிலையம் ஒன்றில் ஒப்படைக்க, சங்கங்கள் பகிரங்கமாக வேண்டுகோள் விடுக்கட்டும். அதுவரையில், தமிழ்க் கட்டுரைகளைத் திருத்துவோர் ஆதாரமற்ற எண்களை நீக்கி, ‘சான்று தேவை’ என்ற குறிப்பை இடத் தயங்கவேண்டியதில்லை.