எளிய பொருளில் ஒரு சிற்றலை வானொலி

உள்ளங்கையில் அடங்கும் தொலைபேசியிலே உலகச் செய்திகளெல்லாம் வந்து குவியும் இந்நாளில், சிற்றலை வானொலிப் பெட்டியொன்று வாங்குவது எற்றுக்கு என்று வினவுவார் பலர். அவ்வினா நகைத்து ஒதுக்கத்தக்கதன்று. பி. பி. சி. நிலையத்தாரின் தமிழோசை 1941-ஆம் ஆண்டு தொடங்கி, எழுபத்தைந்து ஆண்டுகள் சிற்றலையில் ஒலித்து, 2017-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் ஓய்ந்தது. பிலிப்பைன்ஸ் தீவுகளினின்று ஆசிய மொழிகள் பலவற்றிலும், அவற்றுள் நம் தமிழிலும், பேசிவந்த வெரித்தாஸ் வானொலி 2018-ஆம் ஆண்டிலே சிற்றலையை விடுத்தது. நம் தந்தையார் காலத்தில் எப்பெட்டியை வாங்கினும் ஏதேனும் ஒரு தமிழ்க்குரல் உரத்துக் கேட்கும். ஆதலின் பெட்டியைத் தேர்வதிற் பெரும் பிழை நேர்வதற்கு இடமில்லை. இக்காலத்திலோ நிலையங்கள் குறைந்தன. கேட்பவை பலவும் தொலைவிலுள்ளவை, மெலிந்தவை. தேர்வதில் தவறுவோன் பொருளையும் இழப்பான், ஆர்வத்தையும் இழப்பான். இதனாலேயே இப்பொருள்பற்றிச் சில கூற முற்பட்டோம்.

சிற்றலை முற்றும் பயனற்றுப் போயிற்றென்று கருதுவார்க்கு ஒரு செய்தியை நினைவூட்டுவோம். 2022-ஆம் ஆண்டு பிப்ரவரியில் உக்ரேன் நாட்டிற் போர் மூண்டது. மார்ச்சு மாதத்தில் அதே பி. பி. சி. நிலையத்தார் அந்நாட்டிற்கும் ருஷ்யாவின் சில பகுதிகட்குமென நாடோறும் நான்கு மணி நேரம் ஆங்கிலச் செய்திகளைச் சிற்றலையில் ஒலிபரப்பத் தொடங்கினர். மாலை 4 மணிக்கு 15735 கிலோஹெர்ட்ஸிலும், இரவு 10 மணிக்கு 5875 கிலோஹெர்ட்ஸிலும் அவ்வொலி எழுந்தது. கம்பிகள் அறுந்தாலும், கோபுரங்கள் சாய்ந்தாலும், அரசினர் இணையத்தை அடைத்தாலும், வானத்து அயனி மண்டலத்தில் மீண்டு இறங்கும் அலையை ஒரு சிறு பெட்டியும் ஒரு முழக்கம்பியும் ஏற்றுக்கொள்ளும். இடையில் நின்று வாடகை கேட்பாரும் இலர். இன்னார் இன்னதைக் கேட்டார் என்று குறித்து வைப்பாரும் இலர்.

மேற்கூறிய இரண்டு எண்களும் வேறொரு பாடத்தையும் புகட்டுகின்றன. பகலொளி உள்ள வேளையில் உயர்ந்த அலைவரிசையும், இருளில் தாழ்ந்த அலைவரிசையும் தொலைதூரம் செல்வன. மார்க்கோனி 1901-ஆம் ஆண்டு அட்லாண்டிக் மாகடலுக்கப்பால் அலையைச் செலுத்திய பின், அஃது உருண்ட பூமியை எவ்வாறு வளைந்து சென்றதென அறிஞர் வியந்தனர். மின்னேற்றம் பெற்ற படலமொன்று மேலே இருத்தல் வேண்டுமென 1902-ஆம் ஆண்டிலே கென்னெலியும் ஹெவிசைடும் தனித்தனியே கருதினர். அதனை ஆராய்ந்து நிறுவிய ஆப்பிள்டன் என்பாருக்கு 1947-ஆம் ஆண்டு நோபெல் பரிசு கிட்டியது. நம் நாட்டிலும் கல்கத்தாவிலே சிசிர் குமார் மித்திரர் இத்துறையிற் பெரும்பணி ஆற்றினார். பௌதிகம் பயிலும் மாணாக்கன் ஏட்டிற் காணும் இவ்வுண்மையைத் தன் மேசைமீதே சோதித்தறியலாம். காலையிற் கேட்ட நிலையம் நண்பகலில் மறைவதும், அந்தியில் வேறொன்று முளைப்பதும் அவனுக்கு நாடோறும் பாடமாகும்.

இனிப் பெட்டியைத் தேரும் முறைக்கு வருவோம். யாம் முதற்கண் கூறுவது, உடனே வாங்கற்க என்பதேயாம். நெதர்லாந்து நாட்டு ட்வென்டே பல்கலைக்கழகத்து வானொலிச் சங்கத்தார் தம் ஏற்பியை இணையத்தின் வழியே எவரும் திருப்பிக் கேட்கும்படி 2008-ஆம் ஆண்டிலே திறந்து வைத்தனர். பின்னர் அதுபோன்றவை பல நாடுகளிலும் தோன்றின. ஒரு திங்கள் அவற்றிற் செவி கொடுத்துப் பார்க்க. இரைச்சலின் நடுவே மெலிந்தெழும் ஒரு குரலைத் தேடிப் பிடிப்பதில் இன்பம் காணாதவன், பெட்டி வாங்கியும் காணான். அத்தகையோன் தன் பணத்தைப் புத்தகத்திற் செலவிடுவது நலம்.

இன்பம் கண்டவன் கடைக்குச் செல்லுங்கால் முதலில் விலக்கவேண்டியது பகட்டு. யாம் அறிந்த மாணாக்கர் ஒருவர், பத்துப் பன்னிரண்டு பாண்டுகளின் பெயர் முகப்பிற் பொறிக்கப்பெற்று, கைவிளக்கும் பாட்டுக் கருவியும் உடன்கொண்ட பெட்டியொன்றை மலிவென்று வாங்கினார். அதில் 31 மீட்டர் பாண்டு முழுவதும் ஒரு விரல் நீளத்துக் கோட்டில் அடங்கியிருந்தது. அப்பாண்டு 9400 முதல் 9900 கிலோஹெர்ட்ஸ் வரை பரந்தது. ஐந்து கிலோஹெர்ட்ஸுக்கு ஒரு நிலையமாக நூறு நிலையங்கட்கு அதில் இடமுண்டு. முள்ளை மயிரிழை நகர்த்தினும் பத்து நிலையங்கள் கடந்துவிடும். அன்றியும், எளிய அமைப்புடைய பெட்டிகளில் ஒரு நிலையம் தனக்குரிய இடத்திலன்றி, 910 கிலோஹெர்ட்ஸ் தாழவும் போலியாக ஒலிப்பதுண்டு. 9580-இல் உள்ளது 8670-இலும் கேட்கும். கேட்பது எதுவென்றறியாது மயங்கிய அம்மாணாக்கர், ஆறு திங்களில் பெட்டியைப் பரண்மேல் ஏற்றினார். சிற்றலையில் ஒன்றுமில்லை என்று இன்றும் கூறிவருகின்றார். அவர் இழந்த பணத்தினும் அவர் கொண்ட அம்முடிவே எமக்கு வருத்தம் தருவது.

ஆதலின் வேண்டுவன இவை. அலைவரிசையை எண்ணாற் காட்டுவதும், விசைகளை அழுத்தி எண்ணை நேரே இடத்தக்கதுமான பெட்டியாதல் வேண்டும். இரவுக்குரிய 49 மீட்டரும் பகலுக்குரிய 19 மீட்டரும், அவற்றிடைப்பட்டவும் இடைவெளியின்றி அடங்குதல் வேண்டும். நெருங்கிய இரு நிலையங்களைப் பிரித்தற்கு அலைப்பட்டையைக் குறுக்கும் வசதி வேண்டும். புறத்தே ஏரியல் இணைக்கத் துளை வேண்டும். எளிதிற் கிடைக்கும் பாட்டரியில் இயங்குதல் வேண்டும். டெக்சன் பி.எல்.-310இ.டி. போன்ற சிறு பெட்டிகள் இவ்வளவையும் உடையன. அழகிய மரப்பெட்டி, பெரிய ஒலிபெருக்கி, நினைவில் ஆயிரம் நிலையம் என்பவற்றை மறந்துவிடலாம்.

ஒரு செய்தியில் மட்டும் யாம் பழைய அறிவுரையினின்று மாறுபடுகின்றோம். ஒற்றைப் பக்கப்பட்டை எனப்படும் முறையில் வரும் பேச்சைத் தெளிவுறக் கேட்கும் வசதி தொடக்கத்தார்க்கு வேண்டுவதன்று என்று முன்னோர் கூறுவர். ஒலிபரப்பு நிலையங்கள் மலிந்திருந்த நாளில் அது பொருந்தும். அவை குறைந்துவரும் இந்நாளில் உயிர்த்துடிப்போடு ஒலிப்பன அமெச்சூர் வானொலியாரின் உரையாடல்கள்; 7000 முதல் 7200 கிலோஹெர்ட்ஸ் வரை அவற்றைக் கேட்கலாம். அவ்வசதி இல்லாத பெட்டியில் அப்பேச்சு வாத்தின் கத்தல்போல் ஒலிக்கும். 2004-ஆம் ஆண்டு டிசம்பரில் ஆழிப்பேரலை அந்தமானைத் தாக்கியபோது, அங்கு முன்னரே சென்றிருந்த அமெச்சூர் குழுவினரே போர்ட் பிளேரினின்று பலருடைய நலச்செய்திகளை வெளியுலகிற்கு அனுப்பினர். இத்தகையோர் பேச்சைக் கேட்டுப் பழகிய மாணாக்கன், அரசினர் தேர்வில் தேறி உரிமம் பெற்று, தானும் அப்பணியிற் சேரலாம். ஆகவே டெக்சன் பி.எல்.-330, எக்ஸ்.எச்.டேட்டா டி-808 போன்ற, இவ்வசதியுடைய பெட்டிக்குச் சிறிது பணம் குறையுமாயின், இரண்டு திங்கள் பொறுத்துச் சேர்த்து வாங்குவதே சிக்கனம் என்பது எம் கருத்து. குறைந்ததை முதலில் வாங்கி, பின்னர் மற்றொன்றும் வாங்குவோன் இருமுறை செலவிடுகின்றான்.

பெட்டிக்கு ஈந்த கவனத்திற் பாதியேனும் ஏரியலுக்கு ஈதல் வேண்டும். ஏழெட்டு மீட்டர் செப்புக்கம்பியைச் சாளரத்தினின்று மரக்கிளை வரை கட்டினால், அறைக்குள் கேளாத நிலையங்கள் கேட்கும். இதற்கு ஆகும் செலவு மிகச் சிறிது. கம்பி மிக நீண்டால் சிறு பெட்டி திணறும், அளவறிந்து நீட்டுக. இடி மின்னல் வருமுன் கழற்றி வைக்க மறவற்க. இரும்புக் கம்பி பாவிய சுவர்கள் அலையைத் தடுப்பன, எல். இ. டி. விளக்குகளும் தொலைபேசி மின்னேற்றிகளும் இரைச்சலைப் பெருக்குவன. அவற்றை அணைத்து, பெட்டியைப் பாட்டரியில் இயக்கி, மொட்டை மாடிக்குச் சென்று கேட்பவன், விலையுயர்ந்த பெட்டியை அறைக்குள் வைத்திருப்பவனினும் மிகுதியாகக் கேட்பான்.

விடுதி மாணாக்கர்க்கு இறுதியாக ஒன்று கூறுவோம். தந்தையார் வியர்வை சிந்தி அனுப்பும் பணத்தில் வாங்கும் பொருள் இது. நால்வர் கூடி ஒரு பெட்டி வாங்கி, ஒரு குறிப்பேடும் வைத்து, நாளும் மணியும் அலைவரிசையும் கேட்ட செய்தியும் எழுதி வருவாராயின், செலவு நான்கிலொரு பங்காகும். அறிவு நால்வர்க்கும் முழுமையாகும். ஓராண்டு நிறைந்த குறிப்பேடொன்று நம் பௌதிக ஆய்வுக்கூடத்து அலமாரியில் இடம்பெறுவதைக் காண யாம் பெரிதும் விழைகின்றோம்.