புல்லுக்கு அடிக்கும் நஞ்சு பெண்ணின் நெஞ்சுக்கா?

லூமுட், சித்தியவான், ஆயர் தாவார் வட்டாரத் தோட்டங்களில் நாலு நாள் மழை பெய்து விட்டால் போதும். லாலாங் தலை தூக்குகிறது, கொடி மரத்தில் ஏறுகிறது. உடனே மருந்தடிக்க ஆள் தேடுகிறது நிர்வாகம். பால்மரம் நின்ற இடங்களில் பெரும்பகுதி இன்று செம்பனை நிற்கிறது. மரம் மாறியது, முதுகில் பம்பு சுமக்கும் பெண்ணின் பாடு மாறியதா?

நாம் களைக்கு வக்காலத்து வாங்கவில்லை. லாலாங் இளங்கன்றின் உணவையும் நீரையும் பறிக்கிறது. வெயில் காலத்தில் தீப்பற்றித் தோட்டத்தையே எரிக்கிறது. நிரையில் கொடி மண்டினால் பாம்புக்கு அஞ்சித்தான் வெட்டுமரத்தை நெருங்க வேண்டும். பால் குறைந்தால் பழி நம் தலையில்! ஆகவே களை ஒழியட்டும். ஆனால் அதற்கு யார் உடம்பை விலையாகக் கொடுப்பது? இதுவே நம் கேள்வி.

பழைய கதையைச் சற்றுப் பாருங்கள். முதலில் லாலாங்கை ஒழிக்கச் சோடியம் ஆர்சனைட் என்னும் பாஷாணத்தைத் தெளித்தார்கள். பிறகு 1962-இல் பாராகுவாட் விற்பனைக்கு வந்தது. 'கிராமக்சோன்' என்றால் தோட்டத்தில் தெரியாதவர் யார்? ஒரு வாய் உள்ளே போனால் உயிர் போகும், முறிமருந்து கிடையாது. அதைத் தெளித்த பெண்களுக்கு நகம் கழன்றது, மூக்கில் ரத்தம் வந்தது, தோல் வெந்தது. ஒழுகும் பம்பிலிருந்து முதுகு வழியாகவே உடம்புக்குள் புகும் நஞ்சு அது!

சுவீடன் 1983-இலேயே அதைத் தடை செய்தது. நம் நாட்டில் ஐரீன் பெர்னாண்டஸ் அம்மையாரின் தெனாகானித்தா அமைப்பு, மருந்தடிக்கும் தோட்டப் பெண்களின் துயரத்தை ஆராய்ந்து உலகறியச் செய்தது. 2002-இல் அரசாங்கம் பாராகுவாட்டை ஒழிக்க முடிவு செய்தது. நடந்ததென்ன? 2006-இல் அந்த முடிவு தளர்த்தப்பட்டது. முழுத் தடை வந்தது 2020 ஜனவரி 1-இல்தான். அம்மையாரோ 2014-இலேயே மறைந்துவிட்டார். பதினேழு ஆண்டுகளுக்கு மேல் தாமதம்! அத்தனை ஆண்டுகளும் பம்பைச் சுமந்தது எவர் முதுகு?

தடை வந்துவிட்டதே என்று தூங்கிவிடலாமா? ஒரு பீப்பாய் போனது, வேறு பீப்பாய் வந்தது. இன்று பெரிதும் தெளிக்கப்படும் கிளைபோசேட்டை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியதாக இருக்கலாம் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வகம் 2015-இல் வகைப்படுத்தியது. மறுப்போரும் உண்டு. வல்லுநர்கள் வாதாடட்டும், வாதம் முடியும்வரை நம் பெண்கள்தாம் சோதனைக்கு எலிகளா? லூமுட்டின் கடற்காற்று திரும்பி வீசினால் தெளித்த மருந்து தெளித்தவள் முகத்திலேயே விழுகிறதே!

நஞ்சைத் தவிர வழியில்லை என்பார்கள். பொய்! லாலாங்கின் உயிர் மண்ணுக்கடியில் கிழங்குபோல் ஓடும் தண்டில் இருக்கிறது. எரித்தாலும் மேலே வெட்டினாலும் அது சாகாது; நிழல் விழுந்தால் சாகும். தென் அமெரிக்காவிலிருந்து வந்த மைக்கானியாக் கொடியோ வெட்டிப் போட்ட இடத்தில் கணுவுக்குக் கணு வேர் விடும். அது பூக்குமுன் வேரோடு பிடுங்கி வாரி எடுக்க வேண்டும். மறுநடவின்போதே நிரைகளுக்கிடையில் பூரேரியா, கலப்பகோனியம், சென்ட்ரோசீமா விதைத்தால் அவை களையை அமுக்கும், மண் அரிப்பைத் தடுக்கும், மண்ணுக்குத் தழைச்சத்தும் சேர்க்கும். ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் நெடுங்காலமாகச் சொல்லி வந்த வழிதான் இது. ஆனால் முதல் சில மாதங்கள் கையால் களை எடுக்க ஆள் வேண்டும். ஆளுக்குக் கூலி வேண்டும். அங்கேதான் முதலாளியின் கை பைக்குள் போக மறுக்கிறது! நஞ்சு மலிவாம். மருத்துவச் செலவும் பிள்ளைகளின் கண்ணீரும் அவர் கணக்கில் ஏறாதல்லவா?

நாம் கேட்பது தருமம் அல்ல, சட்டம். 1994-ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு சுகாதாரச் சட்டப்படி கையுறைக்கும் முகமூடிக்கும் தொழிலாளியிடம் காசு பிடிக்கக்கூடாது. நாற்பது பேரும் அதற்கு மேலும் உள்ள இடத்தில் பாதுகாப்புக் குழு இருக்க வேண்டும். 2024 ஜூன் 1-இல் நடப்புக்கு வந்த திருத்தம், உடனடி ஆபத்தைச் சுட்டிக்காட்டியும் முதலாளி கவனிக்காவிட்டால் அவ்விடத்தை விட்டு விலகும் உரிமையைத் தந்திருக்கிறது. ஒழுகும் பம்பைத் தூக்கச் சொன்னால் இந்த உரிமையை நினைவில் வையுங்கள். தனியாக அல்ல, சங்கத்தோடு சேர்ந்து கேளுங்கள்.

கிராணித் தோழர்களே! மருந்துக் கிடங்கின் கணக்கு உங்கள் கையில். எந்த மருந்து, எவ்வளவு, எந்தக் காட்டில், யார் தெளித்தார் என்று ஒழுங்காக எழுதுங்கள். மயங்கி விழுந்தவளைத் தூக்கிச் செல்லும்போது டாக்டர் கேட்கும் முதல் கேள்வி அதுதான். கொடுக்காத கையுறையைக் கொடுத்ததாக எழுதாதீர்கள். அந்தப் பொய்க் கையெழுத்து உங்கள் தங்கையின் மரண ஓலையாகலாம்!

காண்ட்ராக்டரிடம் வேலை செய்யும் இந்தோனேசியரும் வங்காளதேசத்தவரும் நேப்பாளியும் நம்மைப் போன்ற பாட்டாளிகளே. பீப்பாயின் எச்சரிக்கையை அவரவர் மொழியில் விளக்கிச் சொல்வது நிர்வாகத்தின் கடமை. அவர்கள் உடம்பு மலிவானால் நாளை நம் உடம்பும் மலிவாகும்.

மருந்தடிப்போருக்குக் காலாகாலத்தில் மருத்துவப் பரிசோதனை! கருவுற்ற பெண்ணுக்கும் பாலூட்டும் தாய்க்கும் கூலி குறையாமல் மாற்று வேலை! மூடு பயிருக்கும் கைக் களையெடுப்புக்கும் போதிய ஆள், போதிய கூலி! இவையே நம் கோரிக்கைகள்.

களையை வேரோடு பிடுங்கத் தெரிந்த கைகள் நம் கைகள். ஒன்றுபட்டால் இந்த அநீதியையும் வேரோடு பிடுங்கலாம்!