நாலு சுவரும் ஒரு மஞ்சள் பந்தும்

நம் ஊரில் எந்தச் சங்கம் ஆரம்பித்தாலும் முதலில் தயாராவது லெட்டர்பேடு. இரண்டாவது, ரப்பர் ஸ்டாம்ப். மூன்றாவது, தலைவர் பதவிக்குச் சண்டை. விளையாட்டுச் சங்கமாக இருந்தால், கையில் மிச்சம் இருக்கிற காசில் நாலாவதாக ஒரு பந்து வாங்குவார்கள்.

என் அக்கா பையன் இந்த வரிசையில் இரண்டு படி ஏறிவிட்டுத்தான் எனக்கு போன் செய்தான். வங்கியில் கிளார்க். ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூரில் போஸ்டிங்.

"மாமா, இங்கே ராக்கெட்பால் ஆரம்பிக்கப் போறேன்."

"ராக்கெட்டா? ஸ்ரீஹரிகோட்டாக்காரங்க கோவிச்சுக்கப் போறாங்கடா."

"ஐயோ மாமா, இது டென்னிஸ் ராக்கெட் மாதிரி. அமெரிக்காவில நாலு சுவத்துக்குள்ள ஆடறது. ஜவ்வாது மலை ராக்கெட்பால் கிளப்னு லெட்டர்பேடு அடிச்சாச்சு. நீங்க ஒரு ஸ்பான்சர் மட்டும் புடிச்சுக் குடுங்க."

சிரிக்காதீர்கள். இருபத்தேழு வயசில் சாயங்காலம் ஐந்தரைக்கு ஆபீஸ் விட்டதும் ரூமுக்குப் போய் செல்போனைத் தடவாமல், ஊர்ப் பிள்ளைகளுக்கு ஏதாவது விளையாட்டு சொல்லித்தரலாம் என்று நினைக்கிற பையன் லட்சத்தில் ஒருத்தன். அவனுக்கு ஸ்பான்சர் பிடித்துத் தருவதற்கு முன், அந்த ஆட்டம் என்ன, அது எப்படிப் பிறந்தது என்று கொஞ்சம் பார்த்தேன். பார்த்ததில் ஒரு வேடிக்கை அகப்பட்டது.

ராக்கெட்பாலைக் கண்டுபிடித்தவர் ஜோ சோபெக். அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலத்தில் கிரீனிச் என்று ஓர் ஊர். அங்கே ரப்பர் பொருள் செய்யும் கம்பெனியில் வேலை. உங்களையும் என்னையும் மாதிரி உட்கார்ந்தே பார்க்கிற உத்தியோகம். உடம்புக்கு ஏதாவது வேண்டுமே என்று ஒய்.எம்.சி.ஏ.வுக்குப் போனார். அங்கே நாலு சுவர் வைத்த ஹேண்ட்பால் கோர்ட் இருந்தது. வெறும் கையால் பந்தை அறைகிற ஆட்டம். கை வீங்கிப்போகும். சோபெக் யோசித்தார். 1950-ல் டென்னிஸ் மட்டையின் காம்பை வெட்டிக் குட்டையாக்கினது மாதிரி ஒரு நரம்பு மட்டையைச் செய்துகொண்டு அதே கோர்ட்டில் ஆட ஆரம்பித்தார். 1952-ல் ஒரு சங்கம் வைத்தார். விதிகளை அச்சடித்தார். ஊர் ஊராக இருந்த ஒய்.எம்.சி.ஏ.க்களுக்கு அனுப்பினார். ராக்கெட்பால் என்ற பெயர்கூட 1969-ல்தான் வந்தது. எழுபதுகளில் அமெரிக்கா பூரா பைத்தியமாக ஆடினார்கள்.

சோபெக் ஒரு சுவர்கூடக் கட்டவில்லை என்பதுதான் வேடிக்கை. கோர்ட்டுகள் ஏற்கெனவே இருந்தன. அவர் செய்ததெல்லாம், இருக்கிற இடத்துக்குப் பொருத்தமாக ஓர் ஆட்டத்தைக் கண்டுபிடித்ததுதான்.

இப்போது ஜமுனாமரத்தூருக்கு வருவோம்.

ராக்கெட்பால் கோர்ட் நாற்பது அடி நீளம், இருபது அடி அகலம், இருபது அடி உயரம். முன் சுவர், பக்கச் சுவர் இரண்டு, பின் சுவர். கூரையும் ஆட்டத்தில் சேர்த்தி; பந்து அதிலும் பட்டுத் திரும்பும். கணக்குப் போட்டுப் பாருங்கள். பின் சுவரைப் பன்னிரண்டு அடியில் நிறுத்தினால்கூடச் சுவர் மட்டும் 2,240 சதுர அடி வழவழவென்று பூச வேண்டும். மேலே 800 சதுர அடிக்குத் தளம். அத்தனை செங்கல்லும் சிமென்ட்டும் கொண்டை ஊசி வளைவுகளில் லாரி முனக முனக மேலே ஏற வேண்டும். எல்லாம் முடிந்த பிறகு உள்ளே எத்தனை பேர் ஆடலாம்? இரண்டு பேர். நெருக்கியடித்தால் நாலு பேர்.

மலையில் இரண்டு மாடி உயரத்துக்கு ஒரு கட்டடம் எழும்பினால், அதில் பந்து ஆட விடுவார்கள் என்றா நினைக்கிறீர்கள்? முதல் மழைக்கே சாமை மூட்டை உள்ளே போய்விடும். அதுவும் நியாயம்தான். சாமை சோறு போடும், ராக்கெட்பால் போடாது.

சுவருக்குள் ஆடுகிற ஆட்டமே தமிழ்நாட்டுக்கு ஆகாது என்று சொல்லவில்லை. ராக்கெட்பாலுக்கு ஒன்றுவிட்ட அண்ணன் ஸ்குவாஷ். சென்னையில் அதற்கு அகாடமியே இருக்கிறது. அங்கிருந்து கிளம்பிப் போன ஜோஷ்னா சின்னப்பாவும் தீபிகா பள்ளிக்கல்லும் 2014-ல் கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் இரட்டையர் தங்கமே வாங்கினார்கள். 2023-ல் ஸ்குவாஷ் உலகக் கோப்பையைச் சென்னையில் ஒரு ஷாப்பிங் மாலுக்குள் கண்ணாடிக் கோர்ட் வைத்து நடத்தினார்கள். ஆனால் அது சென்னை. அங்கே சுவர் இருக்கிறது, மால் இருக்கிறது, ஸ்பான்சர் இருக்கிறார். மலையில் என்ன இருக்கிறது?

இந்தக் கேள்வியைத்தான் மருமகனிடம் கேட்டேன்.

"என்ன மாமா இருக்கு? ஸ்கூல் கிரவுண்டு இருக்கு. காத்து இருக்கு. பசங்க இருக்காங்க. மலையில ஏறி எறங்கியே காலெல்லாம் இரும்பு மாதிரி."

"போதும்டா. பூப்பந்து ஆடு."

போனில் ரொம்ப நேரம் சத்தமே இல்லை. லைன் கட்டாகிவிட்டதோ என்று பார்த்தேன். இல்லை. பையன் மனசு உடைந்துபோயிருந்தான். அமெரிக்க ஆட்டம் கேட்ட பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்து பி.டி. பீரியட் ஆட்டத்தைக் கொடுத்தால் அப்படித்தான் இருக்கும்.

பூப்பந்து என்றதும் இறகு வைத்த ஷட்டில்காக்கை நினைத்துக்கொள்பவர்களுக்கு: அது இறகுப்பந்து. நான் சொல்வது பால் பேட்மின்டன். மஞ்சள் கம்பளி நூலால் சுற்றிய குட்டிப் பந்து; முப்பது கிராமைத் தாண்டாது. பக்கத்துக்கு ஐந்து பேர். நடுவில் ஆறடி உயரத்தில் வலை. பந்து தரையில் விழக்கூடாது. இவ்வளவுதான்.

இது நம்ம ஆட்டம். தஞ்சாவூர் ஆட்டம். தஞ்சை ராஜ்ஜியத்தைக் கும்பெனி எடுத்துக்கொண்டது 1855-ல். 1856-லேயே அங்கே அரச குடும்பத்தார் இந்தப் பந்தை ஆடியதாகச் சொல்கிறார்கள். ஆளுவதற்கு ஊர் இல்லை. சாயங்காலம் காலியாகத்தானே இருந்திருக்கும்! அரண்மனையில் ஆரம்பித்தது கிராமத்து மைதானங்களுக்கு இறங்கியது. 1954-ல் அகில இந்திய சம்மேளனம் வந்தது. 1970-ல் வாரங்கல் பிச்சையாவுக்கு அர்ஜுனா விருதே கொடுத்தார்கள். 1984-ல் ராஜாராமனுக்கும் கிடைத்தது. ஒரு காலத்தில் ரயில்வே டீமில் பூப்பந்து ஆடி, அதனாலேயே உத்தியோகம் வாங்கி, பிள்ளைகளைப் படிக்கவைத்து, பென்ஷனோடு ரிடையர் ஆன மனிதர்கள் நம் தெருக்களில் உண்டு.

அப்புறம் ஏன் மங்கிப்போனது? ஷட்டில் 1992-ல் பார்சிலோனா ஒலிம்பிக்ஸ் பதக்கப் பட்டியலில் ஏறிவிட்டது. பூப்பந்து ஒலிம்பிக்ஸுக்கும் போகவில்லை, ஆசிய விளையாட்டுக்கும் போகவில்லை. டி.வி.யில் வராத ஆட்டம் ஆட்டமே இல்லை என்று நாமும் முடிவுகட்டிவிட்டோம். டவுனில் பூப்பந்து ஆடின காலி மனையில் எல்லாம் ஃபிளாட் வந்துவிட்டது.

ஆனால் டவுனில் போன காலி இடம் மலையில் இன்னும் இருக்கிறது. பூப்பந்துக்கு வேண்டியது எண்பதுக்கு நாற்பது அடி சமதரை. ராக்கெட்பாலைப் போல நாலு மடங்கு இடம்தான். ஆனால் ஒரு செங்கல் வேண்டாம். இரண்டு கம்பம், ஒரு வலை, சுண்ணாம்புக் கோடு. ஒரே நேரத்தில் பத்துப் பேர். இறகுப்பந்து மாதிரி காற்று அடித்தால் பக்கத்து வயலுக்குப் பறந்துபோகாது. கம்பளிப் பந்து கொஞ்சம் பிடிவாதக்காரப் பந்து. மழையில் நனைந்தால் மட்டும் கனத்துப்போகும். மழைக்கு லீவு விடு.

"ஃப்ளட்லைட் போட்டு ராத்திரி மேட்ச் வெச்சா, மாமா..." என்று மெதுவாக உயிர் வந்தது பையனுக்கு.

"அதுவும் வேணாம். காவலூர்க்காரங்க நிஜமாவே கோவிச்சுப்பாங்க."

அதே மலையில் காவலூர் வானாய்வகம் இருக்கிறது. 2.3 மீட்டர் தொலைநோக்கி. 1986-ல் வைணு பாப்பு பெயரைச் சூட்டினார்கள். 1988-ல் அங்கிருந்து ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்து அதற்கு ராமானுஜன் என்று பெயர் வைத்தார்கள். இதெல்லாம் நடப்பது மலை ராத்திரியில் இருட்டாக இருப்பதால். அங்கே போய் ஆயிரம் வாட்ஸ் பல்பு போட்டு செமிஃபைனல் நடத்தக்கூடாது. சாயங்காலம் ஐந்தரைக்கு ஆரம்பித்து, பந்தின் மஞ்சள் கண்ணுக்கு மங்குகிறபோது நிறுத்திவிட வேண்டியது. மீதி ராத்திரி நட்சத்திரத்துக்கு.

இன்னொரு விஷயம்தான் முக்கியம். ராக்கெட்பாலில் ஜமுனாமரத்தூர் சாம்பியன் ஆகிற பெண் அடுத்து எங்கே போவாள்? எங்கும் போக முடியாது. ஏணியில் ஒரே படி. பூப்பந்து பள்ளிக்கூட விளையாட்டுப் பட்டியலில் இருக்கிறது. குறுவட்டம், மாவட்டம், மாநிலம் என்று படிப்படியாக மேலே வழி இருக்கிறது. மலையாளிப் பழங்குடிக் குடும்பத்துப் பெண் ஒருத்தி (கேரள மலையாளி இல்லை, ஜவ்வாது மலைக்காரர்களுக்கு அந்தப் பெயர்) ஒரு சர்டிபிகேட்டோடு போளூருக்கோ திருவண்ணாமலைக்கோ பஸ் ஏறினால், அந்தக் காகிதத்தை வாங்கிப் பார்க்க அங்கே ஓர் ஆள் இருப்பார். பிள்ளைகளின் நாலு வருஷ சாயங்காலத்தை வாங்கிக்கொள்கிறவன் பதிலுக்கு இதையாவது கொடுக்க வேண்டாமா?

"அப்ப பழசே போதும்கறீங்களா?" என்றான்.

இல்லை. அமெரிக்காவிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது சோபெக்கின் சுவரை அல்ல, சோபெக்கின் வேலையை. விதியை அச்சடித்து ஊர் ஊராக அனுப்பினார் பாருங்கள், அதை.

இங்கேதான் ஆபீஸ்காரர்களுக்கு ஒரு நல்ல சேதி. ஒரு விளையாட்டை வளர்க்கச் சாம்பியன் தேவையில்லை. குமாஸ்தா போதும்! நிஜமாகச் சொல்கிறேன். மட்டை எத்தனை வந்தது, எத்தனை நரம்பு அறுந்தது, சாவி யாரிடம், செவ்வாய்க்கிழமை கோடு போட வேண்டியவன் யார் என்று ஒரு நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்குகிறவனால்தான் கிளப் நிற்கிறது. ஊரில் செத்துப்போன கிளப்புகளை விசாரித்துப் பாருங்கள். ஆடத் தெரியாமல் செத்தது ஒன்றும் இருக்காது. சாவியை வைத்திருந்தவர் வெளியூர் போனதால் செத்ததுதான் நிறைய.

மருமகனுக்கு நான் சொன்ன திட்டம் சின்னது. திறப்பு விழா வேண்டாம். சீஃப் கெஸ்ட் இரண்டு மணி நேரம் லேட்டாக வருவார். பிள்ளைகள் வெயிலில் காய்வார்கள். நேராக ஆட்டத்தை ஆரம்பி. தினமும் ஒரே நேரம். நீ வராவிட்டாலும் வலை கட்டப்பட வேண்டும். பெண் பிள்ளைகளுக்குத் தனி நாள் ஒதுக்காதே, தினமும் முதல் அரைமணியை ஒதுக்கு. தனி நாள் என்றால் அன்றைக்குத்தான் வலை கிழிந்திருக்கும். சாமை விதைப்பு, அறுவடை நாட்களில் டோர்னமென்ட் வைக்காதே. வைத்தால் டீமில் ஐந்து பேருக்கு இரண்டு பேர்தான் வருவார்கள், மூன்று பேர் காட்டில் இருப்பார்கள். ஜமுனாமரத்தூரில் கோடை விழா நடக்கிறபோது ஒரு காட்சி மேட்ச் போடு. கூட்டம் தானாக வந்திருக்கும், பந்தல் செலவு மிச்சம்.

முதல் மாதமே இரண்டாவது ஊரைப் பிடி. காவலூரோ, கோவிலூரோ, புதூர்நாடோ. ஒரு ஊர் மட்டும் ஆடினால் அது உடற்பயிற்சி. பக்கத்து ஊர்க்காரன் ஜெயித்துவிட்டு, திரும்பிப் போகும்போது வேனில் விசில் அடித்தால்தான் அது விளையாட்டு. அடுத்த நாள் பாருங்கள், நாலரைக்கே பையன்கள் வலையோடு நிற்பார்கள்.

"லெட்டர்பேடு ஐந்நூறு ஷீட் அடிச்சிட்டேனே மாமா?"

"பின்பக்கம் காலியாத்தானே இருக்கு? அதுல ரூல்ஸை அடி. ஊருக்கு ஒண்ணு குடு."

ஒன்று மட்டும் அவனிடம் நான் சொல்லவில்லை. சொன்னால் உற்சாகம் போய்விடும். உங்களிடம் சொல்கிறேன். வங்கிக்காரனுக்கு மூன்று வருஷத்தில் டிரான்ஸ்ஃபர் வரும். இவனும் ஒரு நாள் சூட்கேஸைத் தூக்கிக்கொண்டு போளூர் பஸ் ஏறுவான். அதற்குள் அந்த மலைப் பிள்ளைகளில் ஒருத்தன் அல்லது ஒருத்தி, நோட்டையும் சாவியையும் சுண்ணாம்பு டப்பாவையும் தன்னுடையது என்று நினைத்திருக்க வேண்டும். டிரான்ஸ்ஃபர் ஆன மறுநாள் சாயங்காலம் ஐந்தரைக்குக் கோடு போட்டிருந்தால் அது கிளப். போடவில்லை என்றால், ஒரு நல்ல பையன் மூன்று வருஷம் நன்றாகப் பொழுதுபோக்கினான் என்று அர்த்தம்.